கடைமடையில் பெருகும் அலை

மூன்று மணிக்கு மன்னார்குடிப் பக்கம் இடித்தது.
இங்கே ஒரு சொட்டு இல்லை.
இடும்பாவனத்துக்குத் தெற்கே, கோரையாறு
சேறும் உப்புமாய்க் குழம்பும் இடத்தில்
வைரக்கண்ணுவுக்கும் அவர் தம்பி சிங்காரவேலுவுக்கும் நடுவே
அளவைக் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.
பிரச்சினை ஒரு வரப்பு.
வரப்பில் ஒரு சாண்.
அந்தச் சாணுக்கு ஏழு வருஷம் வழக்கு.

குமிழி நடுவில் இருக்கிறது. கம்பு அசையவில்லை.
கருவி மட்டும் சொல்கிறது: நான் அசைகிறேன்.
கிழக்கே நாலு விரற்கடை. பொறு.
வடக்கே ஆறு. பொறு.
திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து
அங்கேயும் நிற்காமல்.

"மேடம், இது சைனா செட்டா?" என்கிறான் சிங்காரவேலு.
எண் அவன் பக்கம் சரிந்தபோது கேட்கவில்லை.

எப்படிச் சொல்வது இவர்களிடம்.
பகல் முழுக்க வெந்த வயல்கள்
மூன்று மணிக்குத் தங்கள் ஈரக்காற்றை எட்டி உதைத்தன.
அது பதினைந்து கிலோமீட்டர் ஏறி, மேகத்தின் கூரையை முட்டி,
தனக்கு இடமில்லாத அடுக்குக்குள் தலையை நுழைத்தது.
அங்கே அது கனம்.
கனமானது விழும். விழுந்தது.
விழுந்த வேகத்தில் தன் இடத்தையும் தாண்டிப் போனது.
தாண்டிய இடத்தில் அது லேசு.
லேசானது எழும்.
குளத்தில் பிளாஸ்டிக் குடத்தை அமுக்கி விட்டவர்களுக்கு
இது புதிதில்லை.
குடம் மட்டுமா ஆடும், குளமும் ஆடும்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்தது.

காவிரி இறங்க இறங்க மெலியும்.
கல்லணையில் ஆள் முங்கும் தண்ணீர்
வெண்ணாறு, பாமணி, கோரை என்று பிரிந்து பிரிந்து
வாய்க்காலில் முழங்கால்,
நம் மடையில் கணுக்கால்,
அதுவும் வந்தால்.
இந்த அலை அப்படியில்லை.
மேலே போகப்போக மெலிவது காற்று.
தூக்கும் சுமை குறையக் குறைய
அதே உந்தலுக்கு ஆட்டம் பெரிதாகிறது.
கீழே ஒரு முழம் அசைத்தது
தொண்ணூறு கிலோமீட்டரில் நூறு முழம், இருநூறு முழம்.
கடைமடைக்காரனுக்கு மட்டும் வெள்ளம் விடும் ஆறு ஒன்று
தலைக்கு மேலே செங்குத்தாக ஓடுகிறது.

பிறகு தன் உயரம் தனக்கே தாங்காமல்
புஷ்பவனம் கரையில் உடைவதுபோல் உடையும்.
உடைந்த இடத்தில் பிறந்த புது அலைகள்
இன்னும் ஏறும்.
இருநூற்றைம்பதில், வெயில் பகலெல்லாம்
அணுக்களிலிருந்து உதிர்த்துப் போட்ட எலக்ட்ரான்கள்
களத்தில் காயும் நெல்லாய்ப் பரந்து கிடக்கின்றன.
அலை வந்து கூட்டுகிறது, கலைக்கிறது.
ஓரிடம் குவியல். ஓரிடம் வெறுந்தரை.
செயற்கைக்கோள் அனுப்பிய சொல் அதைக் கடக்கையில்
நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லாத
ஒரு தடுமாற்றம்.
அதற்கு இங்கே பெயர் நாலு விரற்கடை.

இதில் எதையும் சொல்லவில்லை.
"மேலே காத்து ஆடுது. கொஞ்ச நேரம் போகட்டும்" என்றேன்.
வைரக்கண்ணு அண்ணாந்து பார்த்தார்.
தெளிந்த வானம். ஒரு கொக்குகூட இல்லை.
"மேலேன்னா எவ்ளோ மேலே?"
"இங்கேருந்து மெட்ராஸ் தூரம்."
"அவ்ளோ தூரத்துல இருக்கறதுக்கு
நம்ம வரப்புல என்ன வேலை?"
பதில் தம்பியிடமிருந்து வந்தது:
"அதுக்கும் பங்கு வேணுமாம்."
ஏழு வருஷத்தில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை
என்று பிற்பாடு ரியாசுதீன் சொன்னான்.
அண்ணன் சிரிக்கவில்லை.

இரு பக்கமும் சேறு.
காத்திருக்க வேறு காய்ந்த இடமில்லாமல்
அந்த வரப்பிலேயே உட்கார்ந்தார்கள்,
நடுவே ஓர் ஆள் இடம் விட்டு.
கம்பைப் பிடித்தபடி நான்.
எண்கள் கிழக்கே போயின, வந்தன,
தூளியை யாரோ விட்டு விட்டு ஆட்டுவதுபோல்.

ஐந்து ஐம்பதுக்குக் கடைசி எண் ஓடாமல் நின்றது.
இரண்டு நிமிஷம் பார்த்தேன். மூன்று.
குறித்துக்கொண்டேன்.
யார் பக்கம் என்று அவர்கள் கேட்க வாயெடுக்கையில்
பட்டுக்கோட்டைப் பக்கம்
மறுபடி இடித்தது.